லூதரா, ராய்ட்டரா, வைமாரா: நோட்கெல்ட் சேர்க்க எந்த வழி?

ஜெர்மன் மொழியில் ‘நோட்’ என்றால் நெருக்கடி, தட்டுப்பாடு. ‘கெல்ட்’ என்றால் பணம். நம் காதில் அது ‘நோட்டு’ என்றே விழுவதால், நோட்கெல்ட் என்பது கரன்சி நோட்டுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் என்று முதலில் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது நெருக்கடிக் காலத்தில் ஊர்களே அச்சடித்துக்கொண்ட பணம்.

போன மாதம் ஒரு நண்பர் கூப்பிட்டார். எழுத்தாளர், கவிஞர், இசைக்காரர் என்று அந்தந்த ஊர் கொண்டாடும் ஆட்களைப் போட்ட நோட்கெல்ட் மட்டும் சேர்க்க ஆசையாம். 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஜெர்மன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். “எதில் ஆரம்பிக்கட்டும்?” என்றார். போனில் ஒரு மணி நேரம் பேசியும் தீரவில்லை. என் முன்னால் இருந்த வழிகளை எடைபோட்டுப் பார்த்த கதையைச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முன்கதை கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு பிடிபடாது. 1914இல் போர் தொடங்கியதும் ஜெர்மனியில் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள். அப்புறம் செம்பும் நிக்கலும் குண்டு செய்யப் போயின. கடைத்தெருவில் சில்லறையே இல்லை. மீதி கொடுக்க முடியாத பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் ‘பாக்கி 3 ரூபாய்’ என்று எழுதிக் கொடுப்பாரே, அதே வேலையை அங்கே நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் அச்சடித்துச் செய்தன. 10 ஃபென்னிக், 25 ஃபென்னிக், 50 ஃபென்னிக் என்று சின்னச் சின்னச் சீட்டுகள். (நூறு ஃபென்னிக் ஒரு மார்க்.) மேலே ‘குட்ஷைன்’ என்று போட்டிருக்கும். இதைக் கொண்டுவந்தால் பணம் தருகிறோம் என்கிற உறுதிச் சீட்டு அது. கீழே நகராட்சியின் பெயரும் மேயரின் கையெழுத்தும், எந்தத் தேதிவரை செல்லும் என்ற குறிப்பும் இருக்கும்.

போர் முடிந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. இந்தச் சீட்டுகளைச் சேகரிக்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. சேகரிப்பவர் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து பணம் கேட்பதில்லை என்பதை ஊராட்சிகள் சீக்கிரமே கண்டுகொண்டன. 50 ஃபென்னிக் சீட்டை அச்சடிக்கச் சில ஃபென்னிக்தான் ஆகும். மீதி ஊர்க் கஜானாவுக்கு. வட்டியும் கிடையாது, முதலையும் திருப்ப வேண்டாம் என்கிற கடன் யாருக்குக் கசக்கும்? 1920க்கும் 1922க்கும் நடுவில், அதிலும் 1921இல், ஊர் ஊராகப் பல வண்ணத்தில் தொடர் தொடராக அடித்துத் தள்ளினார்கள். இவற்றுக்கு ‘செரியன்ஷைன்’ என்று பெயர். தொடர் சீட்டு என்று சொல்லலாம். 75 ஃபென்னிக் என்று ஒரு மதிப்பு அடிக்கடி தென்படும். 75 ஃபென்னிக்குக் காசே கிடையாது. யாருக்காக அடித்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. சிலவற்றில் செல்லுபடிக் காலம் முடிந்த பிறகுதான் சீட்டே கடைக்கு வந்தது. கடைசியில் 1922 ஜூலையில் அரசு சட்டம் போட்டு இந்தக் கூத்தை நிறுத்தியது.

நண்பர் தேடும் ஆட்கள் எல்லாரும் பெரும்பாலும் இந்தக் கூத்துக்குள்தான் இருக்கிறார்கள். “இது புழங்காத பணம், அசல் பணமே இல்லை” என்று மூக்கைச் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஊர் தன்னை உலகுக்கு எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி லூதரைப் பற்றி லூதர் சீட்டு புதிதாக எதையும் சொல்லாது. 1921இல் அந்த ஊர் லூதரை எந்த இடத்தில் உட்கார வைத்தது என்பதைச் சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வழி நமக்கு ஒத்துவரும் என்பது தானாகப் பிரியும்.

முதலில், போகக் கூடாத வழி. ‘200 சீட்டு, கலப்பு, ஒரே விலை’ என்று மொத்தமாக விற்பார்கள். நான் அதில்தான் தொடங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். பொட்டலம் வந்தது, பிரித்தேன். ஒரே ஊரின் ஒரே சீட்டு பதினோரு முறை இருந்தது. எழுத்தாளர் என்று பார்த்தால் இரண்டே பேர். மீதியெல்லாம் நகர்மன்றக் கட்டடம், கோயில் கோபுரம், கோபுரம், இன்னொரு கோபுரம். ‘கலப்பு’ என்பது அவர்கள் கழித்துக் கட்டியவற்றின் கலப்பு என்பது அப்போதுதான் விளங்கியது. தாளைத் தொட்டுப் பார்த்துப் பழக, மடிப்பு எது, கறை எது என்று கண்ணைப் பழக்க ஐம்பது சீட்டு இப்படி வாங்கலாம். இருநூறு வேண்டாம்.

சரி, இனி நிஜமான வழிகளுக்கு வருவோம்.

எழுபது ஊருக்கு ஒரே எழுத்தாளர்

ஜெர்மனியின் வடக்கே பால்டிக் கடலோரம் மெக்லென்பர்க். அங்கே 70 ஊர்கள் ஒன்றுசேர்ந்து 1921–22இல் ஒரே திட்டமாகச் சீட்டு வெளியிட்டன. ஊருக்கு மூன்று: 10, 25, 50 ஃபென்னிக். மொத்தம் 210. இதற்கு ‘ராய்ட்டர்கெல்ட்’ என்று பெயர். ஃபிரிட்ஸ் ராய்ட்டர் என்ற எழுத்தாளரின் பெயரால் வந்தது.

ராய்ட்டர் யார் என்று நம் பக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். 1810இல் ஷ்டாவன்ஹாகன் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். மாணவர் சங்கத்தில் இருந்தார் என்பதற்காகப் பிரஷ்ய அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு அதை 30 ஆண்டு கோட்டைச் சிறையாகக் குறைத்தார்கள். 1840இல் வெளியே வந்தார். அதற்கு மேல் படிப்பும் இல்லை, உத்தியோகமும் இல்லை. பண்ணை வேலை கற்றார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், குடித்தார், நாற்பதைத் தாண்டிய பிறகு எழுத வந்தார். எழுதியது படித்தவர்களின் உயர் ஜெர்மனில் இல்லை. வடக்கத்திக் குடியானவர்கள் பேசுகிற தாழ்நில ஜெர்மனில். வட்டார வழக்கில் எழுதுவது இலக்கியமா என்று நம் ஊரில் நடந்த சண்டையெல்லாம் அங்கே அவருக்கும், வடமேற்கே ஹைடே ஊர்க்காரரான கிளவுஸ் க்ரோட்டுக்கும் முன்பே நடந்துவிட்டது. ராய்ட்டர் தன் காலத்திலேயே பெரும் புகழோடு வாழ்ந்து 1874இல் இறந்தார். அதனால்தான் இறந்து ஐம்பது வருடம் நெருங்கும்போது எழுபது ஊர்களும் தங்கள் பொதுச் சொத்தாக அவரை எடுத்துக்கொண்டன. சீட்டுகளில் தாழ்நில ஜெர்மன் வரிகள்தான் பேசுகின்றன.

இந்த வழியின் பெரிய பலம், இது முடியக்கூடியது. 210 என்பது தெரிந்த எண். எந்த ஊரில் எத்தனை விட்டுப்போயிற்று என்று தாளில் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டே வரலாம். சேகரிப்பில் மனுஷனைப் பைத்தியமாக்குவது எல்லை தெரியாமை. அந்தத் தொல்லை இங்கே இல்லை. அரிய சீட்டு என்று எதுவும் வழிமறிப்பதில்லை. ஆல்பத்தோடு முழுத் தொகுப்பும் ஏலத்துக்கு வருவது உண்டு. அப்படி வாங்கினால் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட மலிவு. ஆனால் முழுசாக ஒரே நாளில் வாங்கிவிட்டால் அப்புறம் செய்ய என்ன மிஞ்சும்? பூட்டி வைத்துவிட்டு வேறு பொழுதுபோக்கு தேட வேண்டியதுதான். நான் பார்த்த இரண்டு முழுத் தொகுப்புகளும் அப்படி அலமாரியில் உறங்குபவைதான்.

இதன் பலவீனம் மொழி. உயர் ஜெர்மனில் ‘காலம்’ என்பதற்கு ‘ட்ஸைட்’. தாழ்நில ஜெர்மனில் ‘டீட்’. ‘இருந்து’ என்பதற்கு ‘அவுஸ்’, இங்கே ‘ஊட்’. எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் நண்பருக்கு இது இன்னொரு புது மொழி. அச்சோ பழைய முறுக்கு எழுத்து, ஃபிராக்டூர். அதில் ‘ஸ’ எழுத்தும் ‘ஃப’ எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். செல்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினேன். அது ஒரு வரியைப் பன்றியோடும் இன்னொரு வரியைப் பாதிரியோடும் முடித்துத் தந்தது. எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராய்ட்டருக்கும் இந்த எழுபது ஊர்களில் பலவற்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஷ்டாவன்ஹாகனுக்கு உண்டு, இன்னும் சிலவற்றுக்கு உண்டு. மீதி ஊர்கள் பொதுப் பந்தியில் உட்கார்ந்தவை. ‘எங்கள் ஊர் ஆள்’ என்கிற அந்தச் செருக்கு, நண்பர் தேடும் அந்தக் காரம், எழுபதாகப் பங்குபோட்டதில் நீர்த்துப்போகிறது.

ஒரே ஆள், பல ஊர்

இதற்கு நேர் எதிர் வழி. ஒருவரைப் பிடித்துக்கொள்வது, அவர் காலடி பட்ட ஊர்கள் ஒவ்வொன்றும் அவரை எப்படிக் கொண்டாடின என்று தொடர்வது. இதற்கு லூதரை விட்டால் ஆள் இல்லை. காரணம் நாள்காட்டி.

1521 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்று தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். திரும்பும் வழியில் அவரைக் கடத்துவதுபோல் நாடகமாடி ஐசனாக் ஊருக்கு மேலே உள்ள வார்ட்புர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். தாடி வளர்த்து, குதிரைவீரர் வேடத்தில், யுங்கர் யோர்க் என்ற பொய்ப் பெயரில் அங்கே இருந்தார். புதிய ஏற்பாட்டைப் பதினோரு வாரத்தில் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தது அங்கேதான். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வந்தது. இப்போது கணக்குப் பாருங்கள். 1521இன் நானூறாவது ஆண்டு 1921. தொடர் சீட்டுக் காய்ச்சல் உச்சத்தில் இருந்ததும் அதே 1921. லூதர் ஊர்களுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்குமா?

1483இல் அவர் பிறந்ததும் 1546இல் இறந்ததும் ஐஸ்லேபனில். 1501இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், 1505இல் இடிமின்னலில் பயந்து நேர்ந்துகொண்டு மடத்தில் புகுந்ததும் எர்ஃபுர்ட்டில். சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதும், பிறகு ஒளிந்திருந்ததும் ஐசனாக்கில். திருச்சபையைக் கேள்வி கேட்டு அவர் எழுதிய 95 கருத்துரைகளின் ஊர் விட்டன்பெர்க். இந்த ஊர்ச் சீட்டுகளை வரிசையாக வைத்தால் ஒரு வாழ்க்கை ஓடுகிறது. அதைவிட முக்கியம், ஊர்களின் போட்டி தெரிகிறது. எங்கள் ஊரில் பிறந்தார் என்று ஒன்று, எங்கள் ஊரில்தான் படித்தார் என்று ஒன்று, எங்கள் கோட்டைதான் காப்பாற்றியது என்று இன்னொன்று. குலதெய்வத் திருவிழாவில் பங்காளிகள் முதல் மரியாதைக்கு நிற்பது மாதிரி இருக்கும்.

ஐசனாக்கை மட்டும் எடுத்து ஒரு நிமிடம் நிற்கிறேன், ஏனென்றால் அந்த ஊர் அதிர்ஷ்டக்கார ஊர். லூதர் ஒளிந்த கோட்டைக்குக் கீழே 1685இல் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாஹ் பிறந்தார். சற்றுமுன் பார்த்த ஃபிரிட்ஸ் ராய்ட்டர் கடைசிக் காலத்தில் வீடு கட்டிக் குடியேறி இறந்ததும் இங்கேதான். மெக்லென்பர்க்கின் எழுபது ஊர்கள் சொந்தம் கொண்டாடிய ஆளின் கடைசி மூச்சு ஐசனாக் இருக்கும் தூரிங்கியா மாநிலத்தில் போயிருக்கிறது. அவருடைய வீடு இன்று அருங்காட்சியகம். ஆக ராய்ட்டர் வழியில் போனாலும் லூதர் வழியில் போனாலும் ஒருநாள் ஐசனாக்கில் முட்டிக்கொள்வீர்கள்.

பாஷையும் இங்கே கொஞ்சம் இறங்கி வருகிறது. உயர் ஜெர்மன், விவிலிய வரிகள், தெரிந்த பெயர்கள், தெரிந்த ஆண்டுகள். ஃபிராக்டூர் எழுத்து பழகிவிட்டால் ஓரளவு ஊகித்தே படித்துவிடலாம்.

குறையும் இருக்கிறது. இந்த வழிக்கு எல்லை கிடையாது. தேடத் தேட லூதர் ஒரு ராத்திரி தங்கிய ஊர், லூதர் பிரசங்கம் செய்த ஊர் என்று கிளம்பிக்கொண்டே இருக்கும். எது உள்ளே, எது வெளியே என்று நாமே கோடு கிழிக்க வேண்டும். என் கோடு இது: பிறப்பு, படிப்பு, மடம், கோட்டை, இறப்பு என்று வாழ்க்கையில் ஒரு திருப்பம் நடந்த ஊர் மட்டும். தங்கிப் போன ஊருக்கெல்லாம் இடமில்லை.

இன்னொரு குறை சேகரிப்பின் குறை இல்லை, சரித்திரத்தின் குறை. லூதர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய வெறுப்பு நூல் எல்லாருக்கும் தெரிந்தது. 1921–22 சீட்டுகளிலும் யூத வெறுப்பை வெளிப்படையாக வரைந்து அச்சடித்த ஊர்கள் உண்டு. ஊர்ப் பெருமை பாடும் அதே அச்சுக்கூடம், அதே வண்ணம். ஏலப் பட்டியலில் அழகான சீட்டுகளுக்கு நடுவே அது வரும்போது திடுக்கென்று இருக்கும். சேகரிப்பதா விடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்ன என்று தெரியாமல் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

லூதர் கனமான ஆள், எனக்குச் சிரிப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு டில் ஓய்லன்ஷ்பீகல் இருக்கிறார், ஜெர்மனியின் தெனாலிராமன். இருந்தாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் பிறந்த ஊர் க்னைட்லிங்கன் என்றும் அடக்கமான ஊர் மோல்ன் என்றும் இரண்டு ஊர்கள் சத்தியம் செய்யும். மோல்னில் ஆந்தையும் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஏந்திய நினைவுக்கல்லே இருக்கிறது. 1921இல் அவர் பெயரில் சீட்டும் அடித்தார்கள். அதேபோல் போடன்வெர்டர் ஊர், புளுகுக் கதைகளின் நாயகன் முன்ச்ஹவுசன் பிரபுவை வைத்து அடித்தது. இவர் நிஜமாகவே அங்கே பிறந்து 1797இல் இறந்தவர். புளுகர் பெயரால் பணம் அச்சடித்த ஊரின் நேர்மையை மெச்ச வேண்டும். ஆனால் இந்த இரண்டு பாதையும் சீக்கிரம் முடிந்துவிடும். பக்கவாட்டு இன்பமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஊர், எல்லாக் காலமும்

மூன்றாவது வழி ஆழமாகத் தோண்டுவது. ஊர் ஒன்று, போர்க்காலச் சில்லறைச் சீட்டு, 1921 தொடர், 1923 பெரும் பணவீக்கக் காலத்து லட்ச மார்க் தாள் என்று எல்லாம். கலைஞர்கள் வேண்டும் என்றால் வைமாரைச் சொல்வேன்.

ஜெர்மன் இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர்கள் வரிசையாக வந்த ஊர் அது. வைமாரில் விலாண்ட் 1772இல் வந்து சேர்ந்தார். கெதே 1775இல், ஹெர்டர் அடுத்த ஆண்டு. ஷில்லர் 1799இல் குடிவந்து 1805இல் அங்கேயே இறந்தார். சின்ன ஊர். இத்தனை பேர் ஒரே காலத்தில் ஒரே தெருக்களில் நடந்த ஊர் வேறு எங்கே இருக்கிறது? 1921இல் வைமார் சீட்டு அடித்தபோது கெதே, ஷில்லர் பெயரைத்தான் நம்பியது. அதில் வியப்பு இல்லை. வியப்பு அடுத்த இரண்டே வருடத்தில் வருகிறது.

1919இலிருந்து வைமாரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி இருந்தது. 1923இல் பணவீக்கம் தலைக்கு மேல் போனபோது தூரிங்கியா அரசு வங்கிக்கு அவசரமாகப் பெரிய மதிப்புள்ள தாள்கள் தேவைப்பட்டன. வடிவமைக்கும் வேலை ஹெர்பர்ட் பையர் என்ற பௌஹவுஸ் மாணவரிடம் வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்தவர், வயது 23. அவர் செய்ததைப் பார்த்தால் இது 1923 என்று நம்ப முடியாது. கோட்டை இல்லை, கழுகு இல்லை, கவிஞர் தலை இல்லை, முறுக்கு எழுத்து இல்லை. தடித்த நேர் எழுத்து, பட்டைக் கோடு, ஒற்றை வண்ணம், பெரிய எண். அவ்வளவுதான். 10 லட்சம் மார்க், 20 லட்சம் மார்க் என்று வந்தன. அதே ஆண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை. பையரின் தாளை வைத்து அப்போது ஒரு தீக்குச்சிகூட வாங்கியிருக்க முடியாது. இன்று அந்தத் தாள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1921இன் கெதே சீட்டையும் 1923இன் பையர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஊர் தன் தாத்தாவைக் காட்டுகிறது. இரண்டாவதில் அந்தத் தாத்தாவின் முற்றத்தில் ஒரு பையன் வந்து சுவரையெல்லாம் வெள்ளையடித்துவிட்டான். ஊரின் பெருமைக்குரிய கலைஞர் யார் என்ற கேள்விக்கு 1923இல் பதில் சீட்டுக்குள் இல்லை. சீட்டைச் செய்த கையில் இருந்தது. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. இரண்டாண்டில் பௌஹவுஸை ஊரைவிட்டே கிளப்பிவிட்டார்கள், அது டெசாவுக்குப் போயிற்று.

இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 15,000 ரூபாய்க்காரருக்குச் சொல்ல மாட்டேன். பையர் தாள்களுக்கு வடிவமைப்பு ரசிகர்களும் போட்டி போடுகிறார்கள். நோட்கெல்ட் விலையில் அவை கிடைப்பதில்லை. அதைவிட, நகல் நடமாட்டம் உண்டு. நான் ஒன்று வாங்கி ஏமாந்தேன். வந்ததும் பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். அந்தக் கால அச்சில் வண்ணம் ஒரே பரப்பாக, ஓரத்தில் மை லேசாகப் பிதுங்கி நிற்கும். எழுத்து விழுந்த இடத்தில் தாள் கொஞ்சம் அழுந்தியிருக்கும். என்னுடையதில் பட்டை முழுக்க நுண்ணிய புள்ளி, கோலப்பொடி தூவியது மாதிரி. நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. நூறு ஆண்டுத் தாள் அப்படிப் பல்லிளிக்காது. பணத்தைத் திருப்பி வாங்க இரண்டு மாதம் கடிதம் எழுதினேன். வாங்கிவிட்டேன், ஆனால் தபால் செலவு போனது போனதுதான்.

பட்டு, தோல், பீங்கான் பற்றியும் நண்பர் கேட்டார். பீலஃபெல்ட் சேமிப்பு வங்கி பட்டிலும் லினனிலும் அச்சடித்தது. ஓஸ்டர்வீக் ஊர் தோலில் அடித்தது. மைசன் ஆலை பழுப்புப் பீங்கானில் காசே செய்தது. அந்தப் பழுப்புக் களிமண்ணுக்கு, அதைக் கண்டுபிடித்த பொட்கர் பெயர்தான். பார்க்க அருமை. ஆனால் அது ஆளைச் சேகரிப்பதில்லை, பொருளைச் சேகரிப்பது. விலையும் வேறு. இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்றேன்.

கைச் செலவும் கடற்காற்றும்

எந்த வழியானாலும் ஒரு கணக்கு பொது. சாதாரணத் தொடர் சீட்டு ஒன்று ஓரிரண்டு யூரோவுக்குக் கிடைத்துவிடும். ஜெர்மனியிலிருந்து நம் ஊருக்குத் தபால் செலவு அதைப்போலப் பல மடங்கு. அதனால் நாலு சீட்டுக்கு ஒரு தபால் என்று வாங்குகிறவன் தபால் துறைக்குத்தான் உழைக்கிறான். ஒரே வியாபாரியிடம் பட்டியல் போட்டு, மாதக்கணக்கில் சேர்த்து வைத்து, ஒரே உறையில் அனுப்பச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் ராய்ட்டர்கெல்ட் ஜெயிக்கிறது. ஒரே விற்பனையாளரிடம் முப்பது நாற்பது ஊர் கிடைத்துவிடும். லூதர் ஊர்ச் சீட்டுகள் நாலு பேரிடம் சிதறிக் கிடக்கும்.

வாங்கும்போது ஊர்ப் பெயர் போதாது. கிரபோவ்ஸ்கி, மேல் என்ற இருவர் தொகுத்த நோட்கெல்ட் பட்டியலின் எண்ணை ஜெர்மன் வியாபாரிகள் எல்லாரும் போடுவார்கள். ஒரே படம், ஆனால் வரிசை எண்ணின் நிறம் வேறு, தாள் வேறு என்றால் அங்கே வேறு எண். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் நான் பதினோரு முறை வாங்கிய கதை உங்களுக்கு நேராது. தொடர் சீட்டு என்றால் மடிப்பில்லாமல் புத்தம் புதிதாகவே வாங்குங்கள். புழங்காத பணம்தானே, கசங்கியதற்குக் காசு கொடுக்கக் காரணமே இல்லை. 1917, 1918 சில்லறைச் சீட்டு மட்டும் விதிவிலக்கு. நாலாக மடித்து, அழுக்கேறி, யாரோ ஒரு அம்மா ரொட்டி வாங்கக் கொண்டுபோன தடம் அதில் இருந்தால் அதுதான் அதன் அழகு.

அப்புறம், நம் கடலோர ஊர்களில் ஈரக்காற்று. ஸ்டேஷனரிக் கடையின் மலிவான பி.வி.சி. உறையில் போட்டால் சில வருடத்தில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை கொஞ்சம் விலை, ஆனால் அதுதான் சரி. ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு லூதரும் ஒன்றுதான், கெதேயும் ஒன்றுதான்.

கடைசியில் நண்பரிடம் சொன்னது இதுதான். கட்டம் நிரப்புவதில் சுகம் காண்கிறவராக இருந்தால் ராய்ட்டர்கெல்ட், ஆனால் முழுத் தொகுப்பாக வாங்காமல் ஊர் ஊராக வாங்குங்கள். கண்ணுக்கு விருந்து வேண்டும், பொறுமையும் பணமும் உண்டு என்றால் பிற்பாடு வைமார். இப்போது 15,000 ரூபாயோடு, அரைகுறை ஜெர்மனோடு, ‘எங்கள் ஊர் ஆள்’ என்கிற அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் லூதர். முதலில் ஐசனாக், எர்ஃபுர்ட். பிறகு ஐஸ்லேபன், விட்டன்பெர்க். பாதிப் பணம்கூடச் செலவாகாது. மீதியில் ராய்ட்டருக்கு மரியாதையாக ஷ்டாவன்ஹாகனின் மூன்று சீட்டு மட்டும் வாங்கி, ஐசனாக் பக்கத்தின் எதிரே வைத்துவிடுங்கள். பிறந்த ஊரும் இறந்த ஊரும் நேருக்கு நேர் இருக்கட்டும்.

அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். நேற்று படம் அனுப்பியிருக்கிறார். மோல்ன் ஊரின் டில் சீட்டுத் தொடர் ஒன்று, கூடவே போடன்வெர்டர் ஒன்று. லூதர் இன்னும் வரவில்லையாம்.